நின்ற இடத்தில் ஏறிய முள்

எளாவூரில் இறங்குவது என் திட்டத்திலேயே இல்லை. மீனம்பாக்கத்தில் காலையில் கிளம்பி, திருவள்ளூர் வழியாகப் பொதட்டூர்பேட்டை வரை போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி, கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதையைப் பிடித்துத் தெற்கே வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுதிக்குப் போய்விடலாம். துணைக்கு ஆள் இல்லாமல் விமானத்தில் ஊர்விட்டு ஊர் போகும் முதல் பயணம். முந்தின இரவு தூக்கமில்லை. காலையில் இட்லியும் தொண்டையில் இறங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகச் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஃப்ளையிங் கிளப். தனியார் விமானி உரிமத்துக்கான பாடங்களில் இயந்திரம் புரிந்தது, வரைபடம் புரிந்தது, சட்டதிட்டங்கள் மனப்பாடம். வானிலை மட்டும் பிடிபடவில்லை. எனக்குச் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. அங்கே காற்று என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவது. ஆனியில் தொடங்கும், ஆவணியில் ஓயும். மேகம் மலையைத் தாண்டினால் மழை, தாண்டாவிட்டால் இல்லை. கடலோரத்து வானம் அப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. 'காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடது கைப்பக்கம் இருக்கும்' என்று புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. தேர்வில் எழுதிவிடுவேன். ஒருநாளும் அப்படி நின்று பார்த்ததில்லை.

எங்கள் பயிற்சியாளர் குரியன் சார் அடிக்கடி சொல்வார்: "எஞ்சின் நின்னா இறங்க இடம் தேடலாம், சரோஜா. மேகத்துக்குள்ளே போயிட்டா தேடறதுக்குக் கண்ணே இல்லை."

திருவள்ளூர் வரை வானம் பளிங்கு மாதிரி இருந்தது. பூண்டி ஏரி கீழே தகடாகக் கிடந்தது. பொதட்டூர்பேட்டையில் மலைகளைப் பார்த்துத் திரும்பியபோதுதான் கிழக்கே அந்தச் சாம்பல் நிறச் சுவரைக் கவனித்தேன். கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போது சுவர் தெற்கே வளர்ந்து பொன்னேரியை மறைத்துவிட்டது. நெல்வயல்கள் இருந்த இடத்தில் வெறும் மழை. சென்னை அந்த மழைக்கு அப்பால் இருந்தது. என் விமானம் இரண்டு பேர் உட்காரும் புஷ்பக், துணி போர்த்திய இறக்கைகள். ரேடியோ கிடையாது. யாரையும் கேட்க முடியாது.

வடக்கே திரும்பினேன். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்காக மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்க்க அருமையான ஓடுதளம். கீழே வந்து பார்த்தால் கம்பிக் குவியல்களும் செங்கல் அடுக்குகளும் நூறு கூலியாட்களும். மறுபடி மேலே ஏறினேன். மேகம் என்னைக் கீழே அழுத்திக்கொண்டே வந்தது. விமானத்தைச் செலுத்தும் ஸ்டிக்கை முன்னால் தள்ளித் தள்ளித் தாழ்வாகப் பறந்தேன். எளாவூரைத் தாண்டியதும் பழவேற்காட்டு ஏரியின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று உவர்நிலம் தெரிந்தது. ஆடு மாடு இல்லை, ஆள் இல்லை. கண் தெரியும்போதே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். சக்கரம் தரையைத் தொட்டு, துள்ளி, மறுபடி தொட்டு நின்றது. எஞ்சினை அணைத்தேன்.

சமதரையில் இறங்கியதால் உயரமானியின் முள்ளைத் திருகிப் பூஜ்யத்தில் வைத்தேன். அது வெறும் பழக்கம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஓடிவந்த கூட்டம் தள்ளியே நின்றது. தலையில் கூடையோடு ஒரு பெண் மட்டும் நேரே வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அய்ய, பொம்பள! இன்னாமே, ஒண்டியாவா வந்தே?"

"ஆமாங்கக்கா. மழை வழியை அடைச்சிருச்சுங்க."

"இன்னாது, அடைச்சிருச்சுங்களா?" என்று என் கோயமுத்தூர்ப் பேச்சை அவள் சொல்லிப் பார்க்க, பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் கூட்டம் நெருங்கியது. அவள் பெயர் கன்னியம்மா. நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்று சொன்ன அந்த நிமிடத்திலிருந்து குப்பம் முழுவதற்கும் நான் டீச்சரு.

போன் செய்ய எளாவூர் செக்போஸ்டுக்குப் போகவேண்டும். கல்கத்தா ரோட்டில் வைக்கோல் ஏற்றிய லாரியில் ஏறினேன். வைக்கோல் முழுக்க என் மேல். அடுத்து அரை பர்லாங்கு தூரத்தில் டயர் வெடிக்க, மீதியை நடந்தேன். அங்கிருந்து ட்ரங்க் கால் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று.

"உனக்கு ஒண்ணும் ஆகல்லியே?" என்றார் குரியன் சார். "விமானம்?"

"நல்லாருக்குங்க சார்."

"அப்போ கேளு. வங்கக் கடல்லே ஒரு தாழ்வு மண்டலம் உண்டு. தூரத்திலேதான் இருக்கு, எங்கே போகும்னு இன்னும் தெரியல்லே. நீ பறக்கக் கூடாது. விமானத்தைக் கட்டிப் போடு. நாளைக்குத் தேவராஜை அனுப்பறேன்." தேவராஜ் கிளப் மெக்கானிக்.

அன்று பகல் சாப்பாடு கன்னியம்மா வீட்டில். கேழ்வரகுக் கூழ், எறா என்று அவர்கள் சொல்லும் இறாலில் தொக்கு. எங்கள் ஊரில் கடல் மீன் என்றால் கருவாடுதான். எறாவை நான் அதற்கு முன் கையால்கூடத் தொட்டதில்லை. நிஜமாகவே பசித்தது. மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் விமானத்தைப் பார்க்கப் போனேன். முளை அடித்து, வலைக் கயிற்றால் இறக்கைகளைக் கட்டியிருந்தோம். உள்ளே எட்டிப் பார்த்தால் உயரமானி நூறடி காட்டியது. நகராமல் நின்ற விமானம் நூறடி ஏறியிருந்தது. உயரமானி என்பது காற்றழுத்தத்தை அளக்கும் கருவிதான். அழுத்தம் குறைந்தால் முள் ஏறும். அப்படியானால் அழுத்தம் குறைந்திருக்கிறது. தாழ்வு மண்டலம் வருகிறது.

கன்னியம்மாவின் கணவர் ஏகாம்பரம் அதைத்தான் கேட்க வந்தார் போலிருக்கிறது. குப்பத்து ஆண்கள் விடிகாலையில் படகெடுத்து ஏரியைக் கடந்து, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் கொட்டகை போட்டு இரண்டு நாள் தங்கி எறா பிடிப்பார்கள்.

"டீச்சரம்மா, மேல இருந்து எல்லாத்தையும் பாத்துக்கினுதான வந்தீங்க? நாளைக்கு காத்து எப்பிடி? திட்டுக்குப் போவலாமா?"

"வேண்டாங்க. அழுத்தம் குறையுது. புயல் வரலாம்."

புத்தகத்தில் இருக்கும் சொற்களைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே சொன்னேன். ஏகாம்பரம் போய் மற்றவர்களிடம் பேசினார். காலையில் ஒரு படகும் கிளம்பவில்லை.

இரண்டாம் நாள் மாதிரி ஒரு அழகான நாளை நான் அந்தக் கடற்கரையில் அப்புறம் பார்க்கவில்லை. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஏரி கண்ணாடி. காலை நாஷ்டா நேரம் தாண்டி உயரமானியைப் பார்த்தேன். முள் பூஜ்யத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. நம் பக்கத்து வெப்ப நாடுகளில் காற்றழுத்தம் தினமும் கடல் ஓதம் மாதிரி ஏறி இறங்கும். முற்பகலில் உச்சம், பிற்பகலில் பள்ளம். அதுவும் புத்தகத்தில் இருந்தது. நான் பார்த்தது புயல் அல்ல, சாதாரண சாயங்காலம்.

ஏரியிலேயே வலை போட்ட பக்கத்துக் குப்பத்துப் படகுகள் அன்று நிறைய எறாவோடு கரைக்கு வந்தன. எங்கள் குப்பத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அது சொல்ச்சின்னு இவுங்களும் குந்திக்கினாங்க பாரு. மேல பறந்தா மட்டும் எல்லாம் தெரிஞ்சிடுமா?"

போதாக்குறைக்கு ஆடுகள். விமானத் துணிமேல் பூசியிருக்கும் வார்னிஷ் ஆடுகளுக்குப் பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் உள்ளே உட்கார்ந்து துக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கிடா வால் பக்கத்தில் ஒரு கையகலத்தைத் தின்றுவிட்டது. கன்னியம்மா துடைப்பத்தோடு ஓடிவந்து விரட்டினாள்.

தேவராஜ் மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தார். பெரம்பூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். வெல்லம் ஏற்றிய லாரியில் வந்தவர், கவரைப்பேட்டையில் லாரி வாய்க்காலில் சாய, வெல்ல மூட்டைகளை இறக்கி ஏற்றிவிட்டு வந்திருந்தார். உடம்பெல்லாம் வெல்லப் பிசுக்கு, அதன்மேல் ஈ.

"பேஜாரு மிஸ்," என்றார். அதற்கு மேல் பேசாமல் துணியை ஒட்டுப் போட உட்கார்ந்துவிட்டார். குரியன் சார் மறுநாள் காரில் வந்து தானே விமானத்தை எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தாராம்.

அன்று பிற்பகல் முழுவதும் உயரமானியை நான் பார்க்கவே இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் ஏகாம்பரம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். நின்று, சிரித்தார். "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் புயலா?" நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? வானத்தில் மெல்லிய வெண்பட்டை ஓடியிருந்தது. வாடைக் காற்று சீராக வந்தது. ஓட்டையாகிக் கரையில் கிடந்த ஒன்றைத் தவிர எல்லாப் படகுகளும் போயின.

கன்னியம்மாவோடு கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது தேவராஜ் விமானத்திலிருந்து கூப்பிட்டார். "மிஸ், ரவ இங்க வாங்க. பிளேனு தரையில குந்திக்கினு நூத்தம்பது அடி மேல பறக்குதுன்னுது. மீட்டர் கெட்டுப் போச்சா?"

ஓடினேன். மீட்டர் கெடவில்லை. முள் பூஜ்யத்தில் இருக்க வேண்டிய முற்பகல் நேரம் அது. அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டிய வேளையில் முந்தாநாள் சாயங்காலத்தைவிடக் கீழே போயிருந்தது. இது ஓதம் இல்லை.

விமானத்தை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் நின்றேன். காற்று வடக்கிலிருந்து. முதுகைக் காட்டித் தெற்கு பார்த்தேன். இடது கையை நீட்டினேன். கை நீண்ட திசையில் ஏரி, ஏரிக்கு அப்பால் திட்டு, திட்டில் குப்பத்து ஆண்கள், அவர்களுக்கு அப்பால் கடல். விடியலில் இருந்த அதே திசையிலிருந்துதான் காற்று வந்தது. வேகம் மட்டும் கூடியிருந்தது. திசை மாறாமல் காற்று வலுத்தால் புயல் நேரே வருகிறது என்று பொருள். முதன்முறையாக ஒரு விதி என் உடம்பில் ஏறியது.

செக்போஸ்டுக்குப் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனேன். போன் செத்துக் கிடந்தது. ஆரணி ஆற்றில் வெள்ளம், தெற்கேயிருந்து வண்டி வரவில்லை என்றார்கள். குரியன் சார் அந்தப் பக்கம்தான் மாட்டியிருக்க வேண்டும். டீக்கடையில் இரண்டு லாரிக்காரர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். நெல்லூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது, கடல் இரைச்சல் ரோடு வரை கேட்கிறது என்கிறார்கள் என்று கடையில் நின்ற ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார். டீக்கடைக்காரர், "அதுக்கு இன்னா நைனா, ஐப்பசி மாசம்னா அப்பிடித்தான்" என்று டீயை ஆற்றினார். கடை டிரான்சிஸ்டரில் தாழ்வு மண்டலம் வலுப்பெற்று வருவதாகச் சொல்லி முடித்து நாதஸ்வரம் போட்டார்கள். எங்கே, எப்போது என்பதை நான் தவறவிட்டிருந்தேன்.

திரும்பி வந்து கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"முந்தாநேத்து சொன்னது பொய்யாப் பூட்ச்சே," என்றாள்.

"ஆமாங்கக்கா. அன்னிக்கு எனக்குத் தெரியாமச் சொன்னேன்."

"இன்னிக்கு நிச்சியமாத் தெரியுமா?"

"நிச்சயமாச் சொல்ல முடியலீங்க. பயமா இருக்குங்கக்கா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப சரி. அன்னிக்கு நீ பயப்படல. பாடம் ஒப்பிக்கிறாப்பல சொன்னே." கூடையைக் கீழே வைத்தாள். "படகு இல்ல. எப்பிடிச் சொல்லி அனுப்பறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விமானத்தைப் பார்த்தோம்.

தேவராஜ் முடியாது என்றார். "சார் பறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு. பிளேன அனுப்ச்சிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவுரு முன்னால நிப்பேன்?"

"நான் கேக்கலேன்னு சொல்லிருங்கண்ணா."

"காத்தப் பாத்தீங்களா மிஸ்? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சின்னா?"

எனக்கும் அதுதான் பயம். கன்னியம்மா குறுக்கே வந்தாள். "யோவ், எங்க ஊட்டு ஆம்பளைங்க அங்க கீறாங்கய்யா." தேவராஜ் ஏரியைப் பார்த்தார். அப்புறம் ஒட்டுப் போட்ட துணியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "ஒரே சுத்து. அப்பால எறங்கிடணும்," என்றபடி முன்னால் போய் விசிறியைப் பிடித்தார். அதைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

நான் ஏறி உட்கார்ந்தபோது அடுத்த இருக்கையில் கன்னியம்மா ஏறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க வரக்கூடாது. உரிமம் இல்லாம ஆளை ஏத்தக்கூடாதுங்க."

"நீ போய் கை ஆட்டினா சிரிச்சிக்கினே அவனுங்களும் கை ஆட்டுவானுங்க. எங்கூட்டுக்காரருக்கு என் மொகம் தெரியணும். கிளப்பு."

உண்மைதான். அவள் இடுப்புக்கு நானே பட்டையைக் கட்டினேன்.

எதிர்க்காற்றில் விமானம் நான் கேட்பதற்கு முன்பே தரையை விட்டது. அடுத்த நொடி பக்கவாட்டில் ஒரு தள்ளு. கன்னியம்மா கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டாள். என்னால் மூட முடியாது. ஏரி முழுக்க வெள்ளை நுரை. கிழக்கே கடலின் மேல் மேகம் வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் நின்றது. சில நிமிடங்களில் திட்டு தெரிந்தது. ஓலைக் கொட்டகை, கரையேற்றிய படகுகள், எறும்பு மாதிரி ஆட்கள்.

முதல் சுற்றில் அவர்கள் குதித்துக் கையாட்டினார்கள். யாரோ துண்டைச் சுழற்றினார். ஒரு சுற்றோடு திரும்பு என்று தேவராஜ் சொன்னது நினைவில் இருந்தது. இரண்டாம் சுற்றில் எஞ்சினைத் தணித்து, தலைக்கு மேல் தாழ்வாகச் சறுக்கினேன். கன்னியம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "காத்து வருதுய்யா! ஊட்டுக்கு வாய்யா!" என்று கத்தினாள். காற்று அந்தச் சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கீழே எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மேலே ஏறும்போது விமானம் திடீரென்று கிணற்றில் விழுவது மாதிரி இறங்கியது. என் தலை கூரையில் இடித்தது. பெட்ரோல் பாதிக்குக் கீழே.

"இன்னொருவாட்டி போ," என்றாள் கன்னியம்மா.

"அக்கா, முடியாதுங்க."

"ஒரே வாட்டி."

போனேன். இந்த முறை அவள் கத்தவில்லை. கொண்டையை அவிழ்த்துக் கூந்தலைக் காற்றில் விட்டாள். ஜன்னல் வழியாக மார்புவரை வெளியே சாய்ந்து, இரண்டு கையாலும் மார்பில் அறைந்துகொண்டாள். அறைந்தாள், வாயில் அடித்துக்கொண்டாள், மறுபடி மார்பில் அறைந்தாள். சாவு வீட்டில் பெண்கள் செய்வது போலவே. நான் ஒரு கையால் அவள் புடவையைப் பிடித்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது கீழே ஒருவரும் கையாட்டவில்லை. சுழன்ற துண்டு நின்றிருந்தது. ஒரு ஆள் வலையை அப்படியே போட்டுவிட்டுப் படகை நோக்கி ஓடினார். அவர் பின்னால் மற்றவர்கள்.

இறங்கியதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை. மூன்று முறை துள்ளியது. தேவராஜ் ஓடிவந்து இறக்கையைப் பிடித்துத் தொங்கினார். கன்னியம்மா இறங்கி, மணலில் உட்கார்ந்து, கூழை வாந்தியெடுத்தாள்.

படகுகள் வந்து சேர மணிக்கணக்கானது. அந்த நேரத்தில் ஏரி கரைபுரண்டு உவர்நிலத்தில் நாக்கு நாக்காக ஏறத் தொடங்கியிருந்தது. முதல் படகு கரையைத் தொடுமுன்பே ஏகாம்பரம் தண்ணீரில் குதித்தார். முகம் வெளிறியிருந்தது.

"யாரு? யாரு பூட்டது?"

"யாரும் பூடல," என்றாள் கன்னியம்மா. "பூடக் கூடாதுன்னுதான் கூப்ட்டேன்."

அவர் கை ஓங்கியதை எல்லோரும் பார்த்தோம். ஓங்கிய கை அப்படியே நின்று, இறங்கி, அவர் அவள் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். வரும் வழியெல்லாம் எந்தப் பிள்ளை செத்தது என்றே நினைத்துக்கொண்டு துடுப்புப் போட்டிருக்கிறார்.

கடைசிப் படகு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஆளும் குறையவில்லை. இரண்டு பேர் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். வலைகள் எல்லாம் திட்டிலேயே கிடந்தன. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. புயல் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம். அப்படிப் போனால் இந்தக் குப்பத்தில் நான் எப்படி நிற்பேன் என்று நினைத்தேன். வரவேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டு, அந்த ஆசைக்குப் பயந்துபோனேன்.

தண்ணீர் விமானத்தின் சக்கரத்தைத் தொட்டதும் யோசிக்க நேரமில்லை. ஏகாம்பரம் எழுந்து கூப்பிட, முணுமுணுத்தவர்களும் வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக இறக்கைத் தாங்கிகளைப் பிடித்துத் தள்ளி, சேற்றில் சிக்கியபோது தூக்கி, கல்கத்தா ரோட்டு மேட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். செக்போஸ்டில் சரக்கோடு நின்றுபோன இரண்டு லாரிகளுக்கு நடுவே விமானத்தை நிறுத்தி இரண்டிலும் கட்டினோம். லாரிக்காரர் ஒருவர் தெலுங்கில் கேட்டதை டீக்கடைக்காரர் எனக்குச் சொன்னார்: "இதுக்கும் செக்போஸ்ட் சீட்டு உண்டான்னு கேக்குறாரு."

புயல் வந்தது. இரவு முழுக்க டீக்கடையில் குப்பமே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கூரைத் தகரம் ஒன்று பறந்தது. டீக்கடைக்காரர் கடையில் இருந்த பொறை ரொட்டி எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். விடியும் தறுவாயில் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. நான் மழையில் இறங்கி முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டிப் பார்த்தேன். கை வடகிழக்கைக் காட்டியது. புயல் எங்களுக்கு வடக்கே கரையேறிக்கொண்டிருந்தது. அதன் விளிம்புதான் எங்கள் மேல் உரசியிருக்கிறது. தேவராஜிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான்காம் நாள் ஏரி எது, நிலம் எது என்று தெரியவில்லை. குப்பத்தில் பாதிக் கூரைகள் இல்லை. பிற்பகலில் மழை விட்டதும் ஏகாம்பரமும் மூன்று பேரும் வலையைத் தேடித் திட்டுக்குப் போனார்கள். இருட்டுமுன் வெறுங்கையோடு வந்தார்கள். ஏகாம்பரம் யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "கொட்டா இல்ல. வல இல்ல. திட்டே நடுவுல அறுத்துக்கினு கடலு உள்ள வந்து போய்க்கினு கீது."

முணுமுணுத்தவர்களில் ஒருவரின் மனைவி எழுந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள்.

குரியன் சார் ஐந்தாம் நாள் காலை வந்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கார் தண்ணீரில் நின்றுபோன இடத்திலிருந்து மூன்று மைல் நடந்திருந்தார். விமானத்தைச் சுற்றிவந்து எல்லா இடத்தையும் தட்டிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். தேவராஜ் வாயைத் திறந்தபோது கையமர்த்தினார்.

"ஆளை ஏத்தினே."

"ஆமாங்க சார்."

"மூணு சுத்து. அந்தக் காத்திலே."

"ஆமாங்க."

"எதைப் பார்த்து முடிவு செய்தே?"

முள்ளைச் சொன்னேன், முற்பகல் அழுத்தத்தைச் சொன்னேன், இடது கையைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். "வானிலையைச் சரியா வாசிச்சே," என்றார். "பாக்கி எல்லாம் குற்றம். நான் இதை எழுதித்தான் ஆகணும், சரோஜா. உனக்கு மாணவர் அனுமதி இன்னிக்கோட நிற்கும். மறுபடி எப்போன்னு நான் சொல்ல முடியாது." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒன்றரை வருடம் கழித்துத்தான் மறுபடி ஸ்டிக்கைத் தொட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று, இனி ஒருநாளும் இல்லை என்றே நினைத்தேன்.

உவர்நிலம் சேறாகக் கிடந்ததால் ரோட்டிலிருந்தே கிளம்புவது என்று முடிவாயிற்று. செக்போஸ்ட்காரர்கள் இரண்டு பக்கமும் லாரிகளை நிறுத்தினார்கள். தேவராஜ் விசிறியைச் சுழற்றிவிட்டு ஓடிப்போய் குரியன் சாருக்கு அடுத்த இருக்கையில் ஏறினார். இரண்டே இருக்கைதான். நான் சாயங்கால ரயிலில் சென்னைக்குப் போவது என்று ஏற்பாடு; ரோட்டோரத்தில் நின்றேன்.

விமானம் ஓடியது, எழுந்தது, புளியமரங்களுக்கு மேல் தெற்கே திரும்பிச் சிறுத்தது. லாரிகள் ஹாரன் அடித்தபடி நகரத் தொடங்கின. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கன்னியம்மா பின்னாலிருந்து வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"உன்ன உட்டுட்டுப் போறாங்களா?"

"ஆமாங்கக்கா."

"போவட்டும். ரயிலு சாய்ங்காலந்தான?" என்றாள். "ஊட்டுக்கு வா. சோறு வடிச்சி வச்சிட்டு வந்துகீறேன், ஆறிடும்."